மன்னார்க் கரை ஒதுங்கிய வள்ளம்

(நூற்றாண்டு நன்றித் திருப்பலியை அடுத்து நடைபெற்ற ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை ஒருவர் வாசித்தாலும் எழுதியவர்கள் நாங்கள் ஐந்து பேர். விடுதியில் ஒரே வரிசைக் கட்டில்களில் படுத்தவர்கள். இன்று ஒருத்தி சிலாபத்தில், ஒருத்தி கற்பிட்டியில், ஒருத்தி கொழும்பில், மற்ற இருவர் வெளிநாட்டில். விழாக் குழுவினர் தந்த தலைப்பு “தற்செயலும் இறைபராமரிப்பும்”. மூன்று மாதமாகத் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசினோம். இரண்டு தடவை சண்டையும் பிடித்தோம். எதில் சண்டை வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

நம் பாடசாலையில் படித்த எவருக்கும் இந்தத் தலைப்பு புதிதல்ல. மழை பெய்து விளையாட்டுப் போட்டி தடைப்பட்டால் கடவுளின் சித்தம். வரமாட்டார் என்றிருந்த அப்பா ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் வந்து நின்றால் கடவுளின் சித்தம். பஸ் தவறினாலும் அப்படியே. கணக்குப் பரீட்சையில் தவறினால் மட்டும் அது எங்கள் சோம்பல். அங்கே கடவுளை இழுக்க விடமாட்டார்கள். அந்த வேறுபாடு அன்று எங்களுக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அந்தச் சகோதரிகள் தெரிந்தே செய்த காரியம் அது என்று படுகிறது. கடவுளின் பெயரை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் இருந்த முஸ்லிம் தோழியர் எதைச் சொன்னாலும் “இன்ஷா அல்லாஹ்” சேர்த்துச் சொல்வார்கள். உடப்பில் இருந்து வந்தவர்கள் முன்னேசுவரத்தானின் அருள் என்பார்கள். நாங்கள் செபமாலையைத் தொட்டுக்கொள்வோம். ஆக, நடப்பவை வெறுமனே நடக்கவில்லை என்ற எண்ணம் இந்தக் கரையில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் அது இயல்பு. நேற்று ஒன்றும் படாத வலையில் இன்று கொள்ளை மீன். காரணம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

வேதாகமம் தற்செயல் என்ற சொல்லுக்குப் பயப்படவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். ரூத்து பிழைப்புக்காகக் கதிர் பொறுக்கப் போனாள். போன வயல் போவாசுடையதாக அமைந்தது தற்செயல் என்றுதான் அந்த நூலே சொல்கிறது. அவளை ஒரு தூதர் வழிகாட்டிக் கூட்டிப்போகவில்லை, கனவும் வரவில்லை. பசித்த இரண்டு விதவைகள், அறுவடைக்காலம், பக்கத்தில் ஒரு வயல், அவ்வளவுதான். அந்த வயலில் இருந்து தாவீதின் வம்சம் வந்தது என்பது கதையின் கடைசி வரிகளில்தான் வருகிறது. கதிர் பொறுக்கிய அன்று ரூத்துக்கு அது தெரியாது. எஸ்தர் நூலின் எபிரேய மூலத்திலோ கடவுளின் பெயரே இல்லை. அரசனுக்கு ஓரிரவு தூக்கம் வரவில்லை, அதனால் ஒரு மக்களினம் தப்பியது.

இனி நம் கரையின் கதைக்கு வருவோம்.

புனித யோசேவாஸ் அடிகளாரைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் பலர் அங்கே இருந்தோம். தூர தேசத்தில் இருந்தவர்கள் நடுச்சாமத்தில் எழும்பித் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எத்தனை காரியங்கள் அவர் நினைத்தபடி நடக்கவில்லை என்று நாங்கள் எண்ணிப் பார்த்தது இந்த உரைக்காகத்தான்.

கோவாவில் 1651இல் பிறந்தவர். இலங்கைக்கு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு இத்தீவின் கத்தோலிக்கருக்குக் குருக்கள் கிடையாது; திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்திருந்தது. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டி, தன்னை அனுப்பும்படி கேட்டார். மேலிடம் அவரை 1681இல் கனராவுக்கு அனுப்பியது. மூன்று வருடம் அங்கே. கேட்டது ஓரிடம், கிடைத்தது வேறிடம். ஆசிரிய நியமனம் பெற்ற நம் தோழியருக்கு இந்த அனுபவம் விளக்கத் தேவையில்லை.

கடைசியில் 1686இல் புறப்பட்டார், யோவான் என்ற ஒரு பணியாளருடன். குருவின் உடையில் வந்தால் ஒல்லாந்தர் பிடிப்பார்கள் என்பதால் ஏழைக் கூலியாளைப் போல் வேடம். தூத்துக்குடியில் வள்ளம் ஏறினார்கள். இந்தக் கடலை நாம் அறிவோம். அது அவர்களையும் சும்மா விடவில்லை. புயல் வள்ளத்தைத் தள்ளி மன்னார்க் கரையில் ஒதுக்கியது. பசியும் தாகமுமாய் அரை உயிரோடு இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் கடும் வயிற்றோட்டம். குருவாக வந்தவர் நோயாளியாகக் கிடந்தார். அவரை யார் என்றே அறியாத ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அவளுடைய பெயர் நமக்கு இல்லை. இந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றிப் பிறகு பேசவேண்டும்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்துக் கண் கலங்குகிறவர் யார், முகம் மாறுகிறவர் யார் என்று கவனித்து, ஒளிந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். சில்லாலையில் அவருக்கு அடைக்கலம் கிடைத்தது. பகலில் மறைவு, இரவில் திருப்பலி. இப்படிக் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு, திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தார்கள். யோசேவாஸ் தப்பிவிட்டார். வந்திருந்த மக்கள் தப்பவில்லை. பிடிபட்ட ஆண்களில் சிலருக்குக் கசையடி. அதில் ஒருவர் இறந்தே போனார். இதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாத நிலையில்தான் 1690இல் அவர் நம் புத்தளத்துக்கு வந்தார்.

ஏன் புத்தளம்? அக்காலத்தில் கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை. களப்பின் இந்தப் பக்கத்தில் புத்தளம் கண்டி மன்னனுடையது. கண்டிக்கு உப்பும் கருவாடும் போகிற வாசல் அது. களப்பைக் கடந்தால் சட்டம் மாறும். நாம் சுற்றுலா போனபோது ஒரே நாளில் பார்த்து முடித்த இரண்டு இடங்கள், அன்று ஒரு குருவுக்குச் சிறைக்கும் விடுதலைக்கும் உள்ள தூரம். இங்கே வெளிச்சத்தில் நின்று திருப்பலி வைத்தார். நம் முன்னோர் அவருடைய கையால் நற்கருணை வாங்கியிருப்பார்கள்.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போது பெரும்பாலும் ஓர் அழகான முடிச்சு போட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் அடி விழாமல் இருந்தால் புத்தளத்துக்கு வந்திருக்கமாட்டார். புத்தளத்துக்கு வராமல் இருந்தால் கண்டிக்குப் போயிருக்கமாட்டார். எல்லாம் கடவுளின் திட்டம். முதலில் நாங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம். அதை வாசித்துக் காட்டியபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: “அடிபட்டுச் செத்தவனுடைய மனிசியும் இதைக் கேட்டுக்கொண்டு இருந்தால்?”

முதல் சண்டை அங்கேதான் தொடங்கியது.

தலவில அன்னம்மாள் திருத்தலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மாட்டுவண்டி கட்டிப் போன காலத்தில் இருந்து இன்று வரை மார்ச்சிலும் ஆடி முடிந்து வரும் திருவிழாவிலும் கூடாரம் அடித்துத் தங்காத குடும்பம் குறைவு. அதன் தோற்றம் பற்றி இரண்டு மரபுகள் உண்டு. வழிநடந்து களைத்த ஒரு போர்த்துக்கேயர் ஆலமரத்தடியில் தூங்கினார், கனவும் திருச்சுருபமும் கண்டார் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரையேறியவர்கள் தம்மிடம் இருந்த அன்னம்மாளின் சுருபத்தை மரத்தடியில் வைத்து, நலமாய் ஊர் திரும்பினால் கோயில் கட்டுவோம் என்று நேர்ந்துகொண்டார்கள் என்பது மற்றது. இன்று நாம் காணும் பெரிய கோயில் 1843இல் முடிந்தது. அதன் முதிரை மரத் தூண்களைச் சின்னவயதில் கட்டிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். இரண்டாவது மரபு எங்களுக்கு மிகவும் பிடித்தது. உடைந்த கப்பலில் இருந்து ஒரு திருத்தலம்! ஆனால் கரையேறாதவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கதை சொல்வதில்லை. கரையேறியவர்கள்தானே கதை சொல்ல முடியும். நன்றிக் கதைகள் எல்லாம் அப்படித்தான் அமைந்துவிடுகின்றன. அதனால் அவை பொய்யாகிவிடா. ஆனால் கேட்கிறவர்கள் மத்தியில் கரையேறாதவனின் தாயும் இருப்பாள் என்பதைச் சொல்கிறவர் மறக்கக்கூடாது.

இது வெறும் வாதத்துக்காகச் சொன்னதல்ல. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, பெயர் வேண்டாம் என்றாள், கதையைச் சொல்ல அனுமதி தந்தாள். அவளுடைய கணவர் கடற்றொழில். ஒரு விடியற்காலை அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு படகில் போக ஆயத்தம். பக்கத்து வீட்டுக்காரரின் எஞ்சின் வேலை செய்யவில்லை. எவ்வளவு இழுத்தும் பிடிக்காததால் வைதுகொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இவளுடைய கணவர் தனியே போனார். அன்று காற்று மாறியது. அவர் வரவேயில்லை.

ஒரு மாதத்தின் பின் பக்கத்து வீட்டுக்காரர் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். நியாயம்தானே. எஞ்சின் பழுதானது அவருக்குக் கடவுளின் கை. நம் தோழியும் அந்தத் திருப்பலிக்குப் போனாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறோம்: “அந்த மனிசன் உயிரோடு இருக்கிறதுக்கு நானும் நன்றி சொன்னேன். அவருக்கும் மூன்று பிள்ளைகள். ஆனால் பிரசங்கத்தில் கடவுள் இவரைக் காப்பாற்றினார் என்று சொன்னபோது என் இரண்டு பிள்ளைகளும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நான் என்ன சொல்ல?”

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவளிடம் சொன்னவற்றையும் சொன்னாள். கடவுள் தனக்குப் பிரியமானவர்களை முதலில் அழைக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். தாங்கக்கூடியவர்களுக்குத்தான் பாரம் கொடுப்பார். சொன்னவர்கள் நல்லவர்கள், அவர்களில் நம் பாடசாலைக்காரரும் உண்டு. “அவர்கள் போன பிறகு கடவுள்மேல் எனக்கு வந்த கோபம், கடல்மேல் கூட வரவில்லை” என்றாள்.

2019 உயிர்த்த ஞாயிறையும் பேசாமல் விட முடியாது. கட்டுவாப்பிட்டி நம் மாவட்டத்துக்கு அப்பால் என்றாலும் மா ஓயாவைக் கடந்தால் சிறிது தூரம்தான். இரு கரையும் ஒரே உறவு, ஒரே கல்யாணம், ஒரே செத்தவீடு. புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களையும் நினைக்கிறோம். அதற்குப் பின் பல மாதங்கள் நாம் கேட்ட கதைகள் இரண்டு வகை. பிள்ளை அழுதபடியால் பிந்திப் போனோம், தப்பினோம். வழக்கமாக இரண்டாவது பூசைக்குப் போகிறவர்கள் அன்று மட்டும் முதலாவதுக்குப் போனார்கள், போய்விட்டார்கள். முதலாவது கதையைக் கடவுளின் பராமரிப்பு என்றால் இரண்டாவதை என்னவென்று சொல்வது? ஒன்றைக் கடவுளின் கணக்கிலும் மற்றதை வெறும் தற்செயலின் கணக்கிலும் எழுத நமக்கு யார் உரிமை தந்தது?

அந்த ஏப்ரல் 21ஆம் திகதி, யோசேவாஸ் அடிகளாரின் பிறந்தநாள். இதைக் கண்டுபிடித்தவள் எங்களில் ஒருத்தி. இதற்குள் ஏதோ இருக்கிறது, உரையில் கட்டாயம் சொல்லவேண்டும் என்றாள். இரண்டாவது சண்டை இது. முழுநிலவைப் பார்த்துக் கணிக்கும் பாஸ்கா அந்த வருடம் அந்தத் திகதியில் விழுந்தது. அவர் பிறந்ததும் அதே திகதி. இதில் இருந்து ஒரு கருத்தைப் பிழிந்தெடுத்தால் அது இறந்தவர்களின் வீட்டாருக்கு என்ன ஆறுதல் தரும்? நால்வர் ஒரு பக்கம் நின்றதால் அதைச் செய்யவில்லை. திகதியை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறோம். தற்செயல் என்று சொல்லி விட்டுவிடுவதும் சில நேரம் பக்திதான்.

இதற்கு இயேசுவே வழி காட்டியிருக்கிறார். சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை அவர் பேச்சில் எடுத்தார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னதையும் நாம் அரைகுறையாய் நினைவில் வைத்திருக்கிறோம். குருவி விழாது என்று அவர் சொல்லவில்லை. விழும், ஆனால் தந்தைக்குத் தெரியாமல் விழாது என்பதுதான் அவர் சொன்னது.

அடுத்த மே மாதம் சிலாபத்தில் முஸ்லிம் கடைகளுக்குக் கல்லெறிந்தார்கள். கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். எங்களோடு ஒரே மேசையில் சோறு தின்ற தோழியர் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். எந்தப் பக்கத்திலும், நடந்தது கடவுளின் தண்டனை என்று நாக்கூசாமல் சொன்ன ஆட்கள் இருந்தார்கள். கடவுளின் திட்டம் தெரியும் என்று சொல்லப் பழகிய வாய் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

அப்படியானால் இறைபராமரிப்பை நம்பவேண்டாமா? நம்புகிறோம். ஐந்து பேரும் நம்புகிறோம், அந்தத் தோழியும் நம்புகிறாள். ஆனால் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

முதல் ஏற்பாட்டு யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளி விற்றார்கள். வருடங்கள் கழித்து எகிப்தில், நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக்கினார் என்ற பொருளில் ஒருவர் சொல்கிறார். சொல்பவர் யோசேப்பு, விற்கப்பட்டவர். அதே வார்த்தையை அண்ணன்மார் சொல்லியிருந்தால்? “தம்பி, உன்னைக் குழியில் தள்ளியது நல்லதாய்ப் போயிற்று, கடவுளின் திட்டம்” என்று சொல்லியிருந்தால் அதைப் போல் ஒரு பாதகப் பேச்சு வேறில்லை. ஒரே உண்மைதான்; பாதிக்கப்பட்டவரின் வாயில் அது விசுவாசம், மற்றவரின் வாயில் அது கொடுமை. யோசேப்பும் அதைக் குழிக்குள் கிடந்தபோது சொல்லவில்லை. எத்தனையோ வருடம் பிந்தி, அழுதுவிட்டுத்தான் சொன்னார்.

நம் யோசேவாஸ் அடிகளாருக்கும் குழி காத்திருந்தது. புத்தளத்தில் இருந்து 1692இல் கண்டிக்குப் போனார். அங்கிருந்த லனரோல் என்ற பிரெஞ்சுக் கல்வினியர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் சொல்லிவிட்டார். கைதியாய் அடைத்தார்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த புத்தளத்தை விட்டுவிட்டுப் போனதற்குக் கிடைத்த பலன் அது. அந்தச் சிறையில் அவர் செய்த காரியம்தான் எங்களை மிகவும் தொட்டது: சிங்களம் படித்தார். கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை. சுற்றிலும் இருக்கிறவர்கள் பேசும் மொழி இது, அதனால் படிக்கவேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் சுதந்திரம் கிடைத்ததும் ஒரு சிறு குடிசைக் கோயில். பிறகு வறட்சியும் மழையும் வந்தன, மன்னனின் மனம் மாறியது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போனபோது, அவர்களைத் தூக்கி வந்து கழுவித் துடைத்துக் கஞ்சி ஊட்டினார். அப்போது பேசுவதற்கு அவருக்கு மொழி இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கஞ்சி கொடுத்த பெண்ணை நினைவில் வைத்திருக்கச் சொன்னோமே. பத்து வருடத்துக்குப் பின் அந்தக் கஞ்சி கண்டியில் இன்னொருவரின் வாய்க்குப் போகிறது. “பராமரிப்பு” என்ற தமிழ்ச்சொல்லை இதற்குப் பிறகுதான் நாங்கள் உற்றுப் பார்த்தோம். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு உள்ள சொல்லுக்கு முன்னதாகவே பார்த்து வைப்பது என்று பொருளாம். திட்டம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்திருக்கலாம். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் வேறு சொல்லைப் பிடித்தார்கள். நோயாளியைப் பராமரிக்கிறோம், குழந்தையைப் பராமரிக்கிறோம், தென்னங்கன்றைப் பராமரிக்கிறோம். நோய் ஏன் வந்தது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. பக்கத்தில் இருப்பதும், துடைப்பதும், ஊட்டுவதும், இரவில் விழித்திருப்பதும்தான் அந்தச் சொல்லில் இருக்கின்றன. தாய்மாருக்கும் தாதியருக்கும் நன்றாய்ப் புரியும் சொல் அது. நம் பாடசாலை நூறு வருடமாக யாரை உருவாக்கியது என்று பார்த்தால், பாதிப் பேர் அந்த வேலையில்தான் இருப்பார்கள்.

படகு திரும்பாத அந்தத் தோழியிடம், யாராவது சரியாக நடந்துகொண்டார்களா என்று கேட்டோம். ஒருத்தி வந்தாளாம். அவளும் நம் பழைய மாணவிதான், வேறு வகுப்பு. நாற்பது நாளும் காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தலை இழுத்துப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் போவாள். கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அவள் வராமல் இருந்திருந்தால் நான் பிறகு கோயிலுக்குப் போயிருக்கமாட்டேன்” என்றாள் தோழி.

யோசேவாஸ் அடிகளாருக்குப் பின் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1705இல் இங்கே வந்து, 1742இல் நம் மாவட்டத்து போலவத்தையில் இறந்தார், கல்லறையும் அங்கேதான். அவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரி இராகத்தில் வாசிக்கக் கேட்டவர்கள் நம்மில் இருப்பீர்கள். சிங்களத்திலும் பாடுகளின் நூலை எழுதினார். பாட்டி தமிழிலும் பேத்தி சிங்களத்திலும் செபம் சொல்லும் நம் கரையோரக் குடும்பங்களில் இரண்டும் ஒரே வீட்டில் ஒலித்தது. முந்நூறு வருடமாக நம் பெண்கள் அதைக் கேட்டு அழுகிறார்கள். மரியாயின் துக்கத்தை அருகில் நின்று அழுது தீர்க்க இடம் தந்த ஒரு நூல், உயிர்ப்பு வரும் என்று தெரிந்திருந்தும் அந்த வெள்ளிக்கிழமையை அவசரப்பட்டுக் கடந்து போகாத நூல்.

யோசேவாஸ் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். புனிதராக அறிவிக்க முந்நூற்று நான்கு வருடம் எடுத்தது. அந்த நத்தார் இரவில் பிடிபட்டு அடியில் இறந்தவரைப் பற்றி நமக்கு இன்னும் சரியாகத் தெரியாது. கஞ்சி கொடுத்த பெண்ணின் பெயரும் தெரியாது. அவர்களையும் சேர்த்துத்தான் இன்று காலைத் திருப்பலியில் நினைத்தோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக, இந்த நூறு ஆண்டில் நம்மைவிட்டுப் பிரிந்த மாணவியரின் பெயர்கள் வாசிக்கப்படும். கிடைத்த பெயர்கள் எல்லாம் பட்டியலில் உள்ளன. விடுபட்டவை இருந்தால் வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதிவிடுங்கள். பிரசவத்தில் போனவர்கள், யுத்தத்தில் போனவர்கள், கடலில் போனவர்கள், வயது முதிர்ந்து நிம்மதியாய்ப் போனவர்கள் எல்லோரும் அகர வரிசையில் கலந்து வருவார்கள். யார் எப்படிப் போனார் என்று சொல்லப்படாது, பெயரும் படித்த ஆண்டும் மட்டும். ஒவ்வொரு பெயருக்கும் சிறிது இடைவெளி விடச் சொல்லியிருக்கிறோம். நேரம் எடுக்கும், மதியச் சாப்பாடு பிந்தும் என்று சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. வீட்டில் காத்திருப்பவர்கள் உள்ளவர்கள் இப்போதே ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.